வரியை விட்டுத் தடத்தைப் படித்த காலம்

இந்தியப் புலி ஒவ்வொன்றையும் அதன் உடல்வரிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளங்காணலாம் என்பது 1920களிலேயே காட்டில் நடமாடிய ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு நாடு தழுவிய கணக்கெடுப்பில் இடம்பெற்றது 2006இல்தான். இடைப்பட்ட எண்பது ஆண்டுகளைத் தகுந்த கேமராவுக்காகக் காத்திருந்த காலம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி விடை. காலடித்தடம் என்ற வேறொரு குறி அதே வேலையைச் செய்துவிடும் என்று நிர்வாகம் நம்பியது. அந்த நம்பிக்கை கணக்கெடுப்புதோறும் ஓர் எண்ணைத் தவறாமல் தந்துகொண்டிருந்தது. எண் கிடைத்துக்கொண்டிருந்தவரை, அது எப்படிக் கிடைத்தது என்று கேட்கவேண்டிய தேவை பலருக்கு எழவில்லை.

சிக்கலின் வேர் ஒரு சொல்லிலேயே தெரிகிறது. ஒன்றை இன்னதென்று அறிவதைத் தமிழில் ‘இனங்காணுதல்’ என்கிறோம். சொல்லின்படி அது இனத்தைக் காண்பது. இது புலி, இது சிறுத்தை என்று பிரித்தறிவது. இந்தப் புலி நேற்று ஓடைக்கரையில் கண்ட அதே புலியா என்ற கேள்வி வேறு வகையானது. முன்னது பொதுப்பெயருக்குரிய கேள்வி, பின்னது இயற்பெயருக்குரிய கேள்வி. தொல்காப்பிய மரபியல் புலியின் இளமைக்குக் ‘குருளை’ என்ற பெயரை வகுத்துச் சொல்கிறது. அங்கே வகுக்கப்படுவன எல்லாம் இனத்துக்கும் பாலுக்கும் பருவத்துக்கும் உரிய பெயர்கள். தனி விலங்குக்குப் பெயர் வேண்டியிருப்பது அதனோடு பழகுபவருக்கும் அதைக் கணக்கெடுப்பவருக்கும்தான். இந்தியப் புலிகளின் கணக்கெடுப்பு வரலாறு பெருமளவு இவ்விரு கேள்விகளையும் ஒன்றெனக் கருதியதன் வரலாறு.

எஃப். டபிள்யூ. சாம்பியன் ஐக்கிய மாகாணத்தில் வன அலுவலர். துப்பாக்கியால் புலியைச் சுடுவது பதவிக்குரிய பெருமையாக இருந்த காலத்தில், அவர் விலங்கின் நடைபாதையில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதைக் கேமராவுடனும் மக்னீசிய ஒளியுடனும் இணைத்தார். இரவில் நடந்துவரும் புலி கம்பியைத் தொட்டதும் ஒளி வெடிக்கும். தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு புலி போய்விடும். இப்படங்கள் 1925 அக்டோபரில் லண்டனின் படச்செய்தி இதழொன்றில் வெளிவந்தன. 1927இல் ‘வித் எ கேமரா இன் டைகர்-லேண்ட்’ என்ற அவருடைய நூலும் வந்தது. பல இரவுகளின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு, எந்த இரண்டு புலிகளின் வரிகளும் ஒத்திருக்கவில்லை என்பது புலப்பட்டது. அவருடைய அண்ணன் ஹாரி சாம்பியனும் வன அலுவலரே. இந்தியக் காடுகளை வகைவகையாகப் பிரித்து 1936இல் அவர் வெளியிட்ட பாகுபாடு, பின்னர் திருத்தி விரிக்கப்பட்டு, இன்றும் வனவியல் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது. அண்ணன் வகைகளைத் தேடினார், தம்பி தனியொன்றைக் கண்டார். துறை அண்ணனைப் பாடமாக்கிக்கொண்டது; தம்பியை அழகிய படங்களுக்காக நினைவில் வைத்தது.

அவருக்குப் பின் இந்த வழியில் வந்தவர்கள் மிகச் சிலர். ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் 1965 வரை கன்ஹாவில் ஆய்வு செய்தபோது, புலிகளின் முகக்குறிகளை, குறிப்பாகக் கண்களுக்கு மேலுள்ள கறுப்புக் கோடுகளைப் பார்த்து ஒவ்வொன்றையும் பிரித்தறிந்தார். நேபாளத்துச் சித்வானில் சார்லஸ் மக்டூகல், மிதித்தால் இயங்கும் கேமராக்களை வைத்து அங்குள்ள புலிகளின் முகங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். ஆய்வாளர் ஒருவர், ஒரு காடு, பல ஆண்டுப் பொறுமை என்ற அளவில் நின்ற முயற்சிகள் இவை. நாட்டின் புலிகள் எத்தனை என்ற கேள்விக்கு இவற்றைக் கொண்டு விடைசொல்ல எவரும் அப்போது முனையவில்லை.

அந்தக் கேள்விக்கு விடையாக வந்தது தடம். பலாமு காடுகளில் 1934ஆம் ஆண்டிலேயே காலடித்தடங்களைக் கொண்டு புலிகள் எண்ணப்பட்டன. அதை முறைப்படுத்தியவர் ஒரிசாவின் வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌதுரி. 1966இல் அவர் வகுத்த முறை எளியது. குறிப்பிட்ட நாட்களில் காடு முழுவதும் வனக்காவலர்கள் ஒரே நேரத்தில் நடப்பார்கள். புலித்தடம் கண்ட இடத்தில், அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைத்துப் பின்னங்காலின் தடத்தை வரைந்துகொள்வார்கள். பாரிஸ் சாந்து ஊற்றி அச்சும் எடுப்பார்கள். பிறகு எல்லா வரைவுகளையும் ஒப்பிட்டு, ஒரே புலியின் தடங்களை ஒன்றாகச் சேர்த்து, எஞ்சியவற்றை எண்ணுவார்கள். மின்சாரம் வேண்டாம், அயல்நாட்டுக் கருவி வேண்டாம். காட்டில் ஏற்கெனவே இருக்கும் மனிதரின் காலும் கண்ணும் போதும். ஏழை நாட்டின் வனத்துறைக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று வேறு இருந்திருக்க முடியாது. அதை இன்று இகழ்ந்து பேசுவோர் இந்தச் சூழலை மறந்துவிடுகிறார்கள்.

சௌதுரி எந்த வகையிலும் புலியை எண்ணாக மட்டும் பார்த்தவரும் அல்லர். 1974இல் கைரி ஆற்றங்கரையில் கிடைத்த பெண்குட்டி ஒன்றை அவர் ஜஷிபூரில் தம் வீட்டில் வளர்த்தார். ஆற்றின் பெயரே அதன் பெயராயிற்று. 1981இல் இறக்கும்வரை கைரி அந்த வீட்டில் கட்டின்றி உலவியது. ஒரு புலியை ஏழு ஆண்டுகள் பெயர்சொல்லி அழைத்த அந்த மனிதருக்குக் கைரியை அடையாளங்காண அதன் தடம் தேவைப்பட்டிருக்காது.

தடத்தில் அறிவு இல்லை என்பதில்லை. குறியியலில் காலடித்தடம், சுட்டுக்குறிக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு: ஒன்று இங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. பழகிய காவலர் தடத்தைப் பார்த்துப் புலியா சிறுத்தையா, ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரமாயிற்று என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். இவை அனைத்தும் இனம், பால், திசை, காலம் பற்றியவை. இது எந்தப் புலி என்பதற்கு மட்டும் தடம் நம்பகமாக விடை சொல்வதில்லை. ஒரே கால் ஈரமண்ணில் அகன்றும் புழுதியில் கலைந்தும் பதிகிறது. சரிவில் ஒரு வடிவம், சமதளத்தில் இன்னொரு வடிவம், விரைந்து நடக்கையில் மூன்றாவது வடிவம். மண்ணே தடத்தின் பாதியை எழுதுகிறது. பாறைநிலத்தில் எழுத்தே இல்லை. வரைபவரின் கையும் தன் பங்கைச் சேர்க்கிறது. இத்தனை மாறுபாட்டுக்கும் நடுவில் ஒரு புலிக்கும் மற்றொரு புலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தெடுப்பது, பலர் பலவாறு ஒலிக்கும் ஒரே சொல்லைக் கேட்டு அதைப் பேசியவர் யார் என்று சொல்வதைப் போன்றது.

1972இல் முதல் அனைத்திந்தியக் கணக்கெடுப்பு இம்முறையில் நடந்து 1,827 என்ற எண்ணைத் தந்தது. அடுத்த ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்பது காப்பகங்களுடன் தொடங்கியது. பிறகு எண் ஏறியது. 2001-02இல் 3,642 என்றிருந்தது. இந்த எண்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எந்த எண்ணுக்கும் அருகில் ‘இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்ற வரம்பு இல்லை. காட்டில் உள்ள எல்லாப் புலிகளும் தடம் விட்டன, எல்லாத் தடங்களும் கண்ணில் பட்டன, எல்லாம் சரியாகப் பிரிக்கப்பட்டன என்று கொண்டால்தான் அத்தகைய எண் பிறக்கும். காணப்படாத புலிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இல்லாத புலிக்கோ இடம் இருந்தது.

கே. உல்லாஸ் காரந்த் இதை ஒரு சோதனையால் காட்டினார். கூண்டில் இருந்த நான்கு புலிகளின் தடவரைவுகளைக் கலந்து, அனுபவம் மிக்க வன அலுவலர்களிடம் கொடுத்து எத்தனை புலிகள் என்று கேட்டார். நான்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் கண்ட புலிகள் உண்மையில் இருந்தவற்றைவிட அதிகம். ஒரே விலங்கின் மாறுபட்ட தடங்கள் வெவ்வேறு விலங்குகளாகிவிட்டன. 1980களிலேயே அவர் இதை எழுதினார். எழுத்து ஆய்விதழ்களில் தங்கியது, கணக்கெடுப்பு பழைய வழியிலேயே நடந்தது.

1990களின் தொடக்கத்தில் நாகரஹொளேயில் காரந்த் தானியங்கிக் கேமராக்களை வைத்தார். சாம்பியனின் கம்பிக்குப் பதில் இங்கே கண்ணுக்குத் தெரியாத கதிர்; கதிர் மறைபட்டால் படம். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒத்திருப்பதில்லை என்பதால் பாதையின் இருபுறமும் எதிரெதிரே கேமரா வேண்டும். ஒருபுறம் மட்டும் எடுத்தால், இடவிலாவைக் காட்டிய புலியும் வலவிலாவைக் காட்டிய புலியும் ஒன்றா இரண்டா என்று தெரியாது. கருவியைவிடப் பெரிய மாற்றம் கணக்கில் வந்தது. மீனையோ பறவையையோ பிடித்து, குறியிட்டு விட்டு, மறுமுறை பிடிக்கும்போது குறியுள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தை மதிப்பிடும் முறை வெகுகாலமாக இருந்துவந்தது. எடுத்துக்காட்டாக, முதல் சுற்றில் 10 புலிகள் படத்தில் விழுந்து, அடுத்த சுற்றில் விழுந்த 10இல் 5 ஏற்கெனவே கண்டவை என்றால், முதல் சுற்றில் காட்டின் பாதிப் புலிகள்தாம் சிக்கின, ஆக மொத்தம் ஏறத்தாழ 20 என்று கொள்ளலாம். புலியைப் பிடித்துக் குறியிட வேண்டியதில்லை. குறியோடுதான் அது பிறக்கிறது.

இந்தக் கணக்கின் சிறப்பு, காணாத புலியையும் அது கருத்தில் கொள்வது. காரந்தும் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பெஞ்ச்சில் 100 சதுர கிலோமீட்டருக்கு 4.1 புலிகள், காசிரங்காவில் 16.8 புலிகள் என்று அடர்த்திகள் வரம்புகளோடு தரப்பட்டன. ‘நான்கு புள்ளி ஒன்று புலி’ என்று எழுதுவது முழுவெண்களுக்குப் பழகிய நிர்வாகத்துக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். அமைச்சர் அவையில் படிக்க அது உதவாது.

பிறகு சரிஸ்கா வந்தது. டெல்லியிலிருந்து சில மணிநேரத்தில் போய்ச்சேரக்கூடிய இந்த ராஜஸ்தான் காப்பகத்தில் 2004ஆம் ஆண்டின் அதிகாரக் கணக்கு பதினாறுக்குக் குறையாத புலிகளைச் சொன்னது. 2005 தொடக்கத்தில் அங்கே ஒரு புலியும் இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ளவேட்டைக்காரர்கள் கொன்று தீர்த்திருந்தார்கள். புலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தபோது தாளில் அவை உயிரோடு இருந்தன. இங்கே பழியைக் காவலர்மேல் ஏற்றுவது எளிது, பலர் அதைத்தான் செய்தார்கள். தடம் பார்த்தவர் தடத்தைத்தான் பார்த்தார். அதிலிருந்து ஆளைச் சொல்லும்படி அவரைப் பணித்தது முறை, எண் குறைந்தால் விளக்கம் கேட்டது மேலிடம். புலி குறைந்தது என்று எழுதுபவருக்குத் தண்டனையும், குறையவில்லை என்று எழுதுபவருக்கு அமைதியும் கிடைக்கும் இடத்தில் ஐயத்துக்குரிய தடம் எந்தப் பக்கம் சேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பிரதமர் அமைத்த புலிப் பணிக்குழு சுனிதா நாராயண் தலைமையில் 2005இல் அறிக்கை தந்தது. தடக்கணக்கு கைவிடப்பட்டது. இந்திய வனவுயிர் நிறுவனத்தின் ஒய். வி. ஜாலா, கமர் குரேஷி ஆகியோர் வகுத்த புதிய முறையில் காவலர்கள் தொடர்ந்து தடங்களையும் பிற அடையாளங்களையும் பதிவு செய்தார்கள். புலி இங்கே உண்டா, அடர்வாகவா அரிதாகவா என்பதை அறிய மட்டும் அவை பயன்பட்டன. எந்தப் புலி என்ற கேள்வி, தேர்ந்தெடுத்த பகுதிகளில் வைக்கப்பட்ட கேமராவிடமும் அது காட்டிய வரிகளிடமும் போனது. தடத்துக்குரியது தடத்திடமும் வரிக்குரியது வரியிடமும் ஒப்படைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு 2008இல் 1,411 என்று வெளியானது. முந்தைய 3,642இலிருந்து இதைக் கழித்து 2,231 புலிகள் செத்துவிட்டன என்று படிப்பது தவறு. இரண்டும் வெவ்வேறு முறையில் பிறந்த எண்கள், புதிய கணக்கில் சுந்தரவனமும் சேரவில்லை. எனினும் நாடு அப்படித்தான் படித்தது. அந்த அதிர்ச்சியால் நன்மையும் விளைந்தது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அளவு எங்கோ போய்விட்டது. 2018ஆம் ஆண்டின் ஆய்வில் 26,838 இடங்களில் கேமராக்கள் நின்றன. 3,48,58,623 படங்கள் சேர்ந்தன. அவற்றில் 76,651 படங்களில்தான் புலி இருந்தது. அவற்றை ஒப்பிட்டு 2,461 தனிப்புலிகள் அடையாளங்காணப்பட்டன. மொத்த மதிப்பீடு 2,967. மீதிப் படங்கள் எல்லாம் மான்கள், மாடுகள், காற்றில் அசைந்த புல், காலைக்கடனுக்கு வந்த மனிதர்கள். இந்தக் கடைசி வகைப் படங்கள் காட்டோர மக்களின் அந்தரங்கத்துக்கு என்ன செய்கின்றன என்பது தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு.

ஒப்பிடும் வேலையைக் கண்ணால் மட்டும் செய்ய முடியாத நிலை வந்ததும் மென்பொருள் வந்தது. 2009இல் லெக்ஸ் ஹைபி, காரந்த் உள்ளிட்டோர் ஒரு வழியை வெளியிட்டார்கள். நடக்கும் புலி வளையும், திரும்பும். தட்டையான படத்தில் வரிகள் சுருங்கியும் நீண்டும் தெரியும். எனவே படத்தை முப்பரிமாணப் புலியுருவின்மேல் போர்த்தி, வரிகளைப் பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டும். கைப்பற்றப்படும் தோலை உயிர்ப்புலிகளின் படத்தொகுப்புடன் ஒப்பிட்டு, அந்தப் புலி எந்தக் காட்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கலாம் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மயிரை மழித்தாலும் தோலில் தெரியும் வரி, கொன்றவனையும் காட்டிக்கொடுக்கக்கூடும்.

வரி பொய் சொல்லாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. வரி மாறாது, படிப்பவர் பிழைபடலாம். 2020இல் வெளியான ஆய்வொன்றில், ஐரோப்பிய விலங்குக்காட்சிசாலைகளில் உள்ள 16 பனிச்சிறுத்தைகளின் படங்களை எட்டுப் பேரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். பிழைகளின் விளைவாக எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகையாக வந்தது. ஒரே விலங்கின் இரு படங்களை இரண்டு விலங்குகளாகக் கொள்வதே பெரும்பாலும் நிகழ்ந்தது. காரந்தின் தடச்சோதனையில் கண்ட அதே சாய்வு! பனிச்சிறுத்தையின் நீண்ட மயிரில் புள்ளிகள் குழம்பும் என்பது உண்மைதான். ஆனால் வேறுபாடு அடிப்படையானது: இங்கே பிழையை அளக்க முடிகிறது. படம் அப்படியே இருக்கிறது, பத்தாண்டு கழித்து வேறொருவர் எடுத்துப் பார்க்கலாம். மழைக்குப்பின் தடம் இருப்பதில்லை. எஞ்சுவது ஒருவர் வரைந்த வரைவு.

இந்த அடையாளம் ஆய்விதழோடு நிற்பதில்லை. மனிதரைத் தாக்கியது எந்தப் புலி என்ற கேள்வி எழும்போது அது உயிர்ப்பிரச்சினை. 2021 இலையுதிர்மாதங்களில் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியைத் தேடி மூன்று வாரங்கள் பெரும் படையே காட்டில் அலைந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கொன்றுவிடக் கூடாது என்றது. அதே காட்டில் வேறு புலிகளும் நடமாடின. மயக்க ஊசி எதன்மேல் பாயவேண்டும் என்பதைச் சொல்லக்கூடியவை கேமராப் படங்களின் வரிகளே. அக்டோபர் 15 அன்று அது உயிரோடு பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிள்ளையையோ கணவரையோ இழந்த வீட்டுக்கு இந்த நுட்பம் ஆறுதல் தராது. ஆனால் தவறான புலியைக் கொன்றுவிட்டு ஆபத்து நீங்கியது என்று ஊருக்குச் சொல்லும் கொடுமையைத் தவிர்க்க வேறு வழியில்லை. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுநெறி, ஊருக்கு அருகே வரும் புலியைத் தேசியப் படத்தொகுப்புடன் ஒப்பிட்டு அடையாளம் நிறுவவேண்டும் என்று கூறுவது இதனால்தான்.

வரிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு ஆலன் டூரிங் 1952இல் ஒரு கணித விளக்கம் தந்தார்: கருவில் பரவும் இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் கோலமிடுகின்றன. தொடக்கத்தின் சிறு வேறுபாடுகள் பெரிதாகி, ஒவ்வொரு உடலிலும் வேறு கோலமாக முடிகின்றன. மரபணு கோலத்தின் வகையைத் தருகிறது. கோடு எங்கே பிரியும் என்பதைப் பெரும்பாலும் தற்செயல் முடிவுசெய்கிறது. அந்த வகையே மாறினால் என்ன ஆகும் என்பதற்கு விடை சிம்லிபாலில் நடமாடுகிறது. சௌதுரி முதல் இயக்குநராக இருந்த அதே காப்பகம். அங்குள்ள சில புலிகளின் வரிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, உடல் ஏறத்தாழ முழுவதும் கறுப்பாகத் தெரிகிறது. இடையிடையே மட்டும் காவிநிறம் கீற்றாக எஞ்சுகிறது. உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தார்கள். சிவிங்கிப்புலிகளில் புள்ளிகள் பட்டைகளாக இணைவதற்கும், வீட்டுப்பூனைகளில் கோடுகள் சுழல்களாக மாறுவதற்கும் காரணம் என்று 2012இல் அறியப்பட்ட அதே மரபணு அது. சிம்லிபால் புலிகள் மற்ற காடுகளின் புலிகளிடமிருந்து துண்டிக்கப்பட்ட சிறு கூட்டம். அரிய மாற்றம் ஒன்று அங்கே பெருகியதற்கு அந்தத் தனிமையே காரணம் என்கிறது ஆய்வு. எந்தப் புலி என்பதை அறியப் பார்த்த வரி, இங்கே அந்தப் புலிக்கு இணைதேட வேறு காடு இல்லை என்பதைச் சொல்கிறது.